ஃபங்ஷனல் புரோகிராமிங் கற்க எந்தப் புத்தகம்? நிலைக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்க ஒரு முழு வழிகாட்டி

ஃபங்ஷனல் புரோகிராமிங் என்பது மதிப்புகளை மாற்றிக்கொண்டே போகாமல் ஃபங்ஷன்களைக் கோத்து நிரல் எழுதும் பாணி. அதைக் கற்க நல்ல புத்தகம் எது என்று கேட்டால் பத்துப் பெயர்கள் வந்து விழும். பத்துமே நல்ல புத்தகங்களாகத்தான் இருக்கும். ஆனாலும் கேட்டவர் அவற்றில் பிரபலமான ஒன்றை எடுத்து, மூன்றாம் அத்தியாயத்தில் நின்றுவிடுவார். புத்தகம் யாரை மனதில் வைத்து எழுதப்பட்டது என்பதும், எடுத்தவர் எங்கே நிற்கிறார் என்பதும் பொருந்தாமல் போவதுதான் பெரும்பாலும் காரணம்.

புதிதாக வருகிறவர்களோடு உட்கார்ந்து இந்தப் புத்தகங்களின் பயிற்சிகளைப் போட்டுப் பார்த்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. படித்தால் புரிகிற புத்தகம் வேறு, எழுத வைக்கிற புத்தகம் வேறு. இந்தத் துறைக்கு இரண்டாவதுதான் வேண்டும். கீழே உள்ள வரிசையும் அதற்காகத்தான்: நிலை, மொழி, பதிப்பின் வயது, ஒரு சின்னச் சோதனை, அப்புறம்தான் புத்தகம்.

1. உங்கள் நிலையைக் கண்டுபிடியுங்கள்

எத்தனை வருட அனுபவம் என்ற கணக்கு இங்கே அதிகம் உதவாது. பல வருடம் ஜாவா எழுதியவர் ரிகர்ஷனில், அதாவது ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைப்பதில், தடுமாறுவார். இப்போதுதான் கற்கத் தொடங்கிய மாணவர் அதைச் சாதாரணமாக எழுதிவிடுவார். அதனால் தெரிந்த ஏதாவது ஒரு மொழியில், எதையும் தேடிப் பார்க்காமல், மூன்று சிறு வேலைகளைச் செய்து பாருங்கள்.

முதல் வேலை: எண்கள் கொண்ட ஒரு பட்டியலைக் கூட்டுங்கள். லூப் கூடாது. ஒருமுறை மதிப்புக் கொடுத்த வேரியபிளை மறுபடி மாற்றக் கூடாது. மொழியிலேயே இருக்கும் கூட்டல் ஃபங்ஷனையும் தொடக் கூடாது.

இரண்டாம் வேலை: ஒரு பட்டியலையும் ஒரு ஃபங்ஷனையும் வாங்கிக்கொண்டு, அந்த ஃபங்ஷன் ‘ஆம்’ என்று சொல்லும் உறுப்புகளை மட்டும் புதிய பட்டியலாகத் திருப்பித் தரும் ஃபங்ஷனை நீங்களே எழுதுங்கள். அதாவது சொந்தமாக ஒரு ஃபில்டர்.

மூன்றாம் வேலை: கூட்டலும் பெருக்கலும் கலந்த ஒரு கணக்கு மர வடிவ டேட்டாவாகக் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் விடையைக் கண்டுபிடிக்கும் ஃபங்ஷனை எழுதுங்கள்.

புரோகிராமிங்கே புதிது என்றால் இந்தச் சோதனை வேண்டாம், 5-ஆம் பகுதிக்குப் போங்கள். முதல் வேலையிலோ இரண்டாவதிலோ நின்றால் 6-ஆம் பகுதி. மூன்றாவதில் மட்டும் நின்றாலும் 6-ஆம் பகுதிதான், ஆனால் முதல் அத்தியாயங்களை வேகமாகக் கடக்கலாம். மூன்றும் முடிந்தால் 7.

மூன்றாவது வேலையை வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறேன். மேப் (பட்டியலின் ஒவ்வொரு உறுப்பிலும் ஒரு ஃபங்ஷனைப் போடுவது), ஃபில்டர் இரண்டையும் தினமும் பயன்படுத்துகிற பலர் தங்களுக்கு ஃபங்ஷனல் பாணி தெரியும் என்று நினைக்கிறார்கள். டேட்டாவின் வடிவத்தைப் பார்த்து அதே வடிவத்தில் ஃபங்ஷன் எழுதுவது தனிப் பழக்கம். அது இல்லாமல் மேல்நிலைப் புத்தகத்தைத் திறந்தால் எல்லாமே மந்திரமாகத் தெரியும்.

இந்தப் படியில் நடக்கும் தவறு கௌரவம் பார்ப்பது. வேலையில் சீனியர் என்பதால் தொடக்க நிலைப் புத்தகத்தை எடுக்க மனம் வராது. எடுத்துப் பாருங்கள், தெரிந்த பகுதிகள் சீக்கிரமே கடந்துபோகும், நஷ்டம் ஒன்றுமில்லை.

2. மொழியை முடிவு செய்யுங்கள், நிறுவிவிடுங்கள்

இந்தத் துறையின் புத்தகங்களில் பாதிக்குமேல் ஒரு மொழியைப் பற்றியவை. மொழியை முடிவு செய்யாமல் புத்தகங்களை ஒப்பிட்டால் ஒப்பீடு முடிவதே இல்லை.

கேட்க வேண்டிய முதல் கேள்வி: பழைய பழக்கத்துக்குத் திரும்பிப் போக அந்த மொழி இடம் கொடுக்குமா? ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான், ஸ்காலா மூன்றிலும் சிக்கல் வந்ததும் ஒரு லூப் எழுதித் தப்பித்துவிடலாம். ஹாஸ்கலில் அந்த வழி கிட்டத்தட்ட அடைபட்டிருக்கிறது. எலிக்சிரில் டேட்டாவை இருந்த இடத்திலேயே மாற்ற முடியாது. ஓகாமல், எஃப்-ஷார்ப் இரண்டும் நடுவில் நிற்கின்றன: லூப் உண்டு, மாற்றக்கூடிய டேட்டாவும் உண்டு, ஆனால் மொழியின் நடை உங்களை வேறு பக்கம் இழுக்கும்.

முதல் வேலையிலேயே நின்றவர்களுக்கு என் பரிந்துரை, தப்பிக்க முடியாத மொழி. கொஞ்சம் எரிச்சலாக இருக்கும், ஆனால் பழக்கம் சீக்கிரம் மாறும். அலுவலக நிரல்களில் உடனே பயன்படுத்த வேண்டும் என்பவர்கள் மட்டும் ஏற்கெனவே எழுதுகிற மொழியில் தொடங்கலாம்.

மொழி முடிவானதும் புத்தகம் வாங்கும் முன்பே அதை நிறுவுங்கள். ஹாஸ்கலுக்கு ஜிஹெச்சிஅப், ஓகாமலுக்கு ஓபேம், எஃப்-ஷார்ப்புக்கு டாட்நெட் எஸ்டிகே. ராக்கெட், ஸ்கீம் வகை மொழிகளுக்கு டாக்டர்-ராக்கெட். பிறகு ஒரு எடிட்டரையும், கட்டளைக்குக் கட்டளை பதில் தரும் ஷெல்லையும் இயக்கிப் பாருங்கள்.

ஏன் முன்பே? நிறுவுவதில் வரும் கோளாறும் பாடத்தில் வரும் கோளாறும் ஒரே மாலையில் சேர்ந்து வந்தால், எது எதனால் என்று புதியவருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. பழி புத்தகத்தின் மேலோ, தன் மேலோ விழும். டாக்டர்-ராக்கெட்டில் இந்தத் தொல்லை மிகக் குறைவு, ஒரே நிறுவலில் எடிட்டரும் வந்துவிடும். தொடக்கத்துக்கு அதை நான் விரும்புவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

3. பதிப்பின் வயதைப் பாருங்கள்

இந்தப் படியைப் பெரும்பாலோர் தாண்டிவிடுகிறார்கள், அதனால் சிக்குகிறவர்களும் அதிகம். கருத்துகள் பழசாவதில்லை, கோட், அதாவது எழுதிய நிரல், பழசாகும்.

ஹாஸ்கலைப் பாருங்கள். மோனட், அப்ளிகேட்டிவ், மோனாய்டு, செமிகுரூப் எல்லாம் அதில் டைப்களுக்கு, அதாவது மதிப்புகளின் வகைகளுக்கு, தரும் அடையாளங்கள் என்று மட்டும் இப்போது வைத்துக்கொள்ளுங்கள். 2015-இல் வந்த ஜிஹெச்சி 7.10 கம்பைலரிலிருந்து (கோட்டை இயங்கும் நிரலாக மாற்றுவது கம்பைலர்), ஒரு டைப்பை மோனட் என்று அறிவித்தால் அதை முதலில் அப்ளிகேட்டிவ் என்றும் அறிவித்திருக்க வேண்டும். அதே பதிப்பில் பட்டியலுக்கான பல ஃபங்ஷன்கள் ஃபோல்டபிள் எனும் பொதுவான வகைக்கு மாறின. 2018-இல் வந்த 8.4 பதிப்பிலிருந்து மோனாய்டுக்கு முன் செமிகுரூப் வேண்டும். இதற்கெல்லாம் முன்பு அச்சான புத்தகத்தின் எடுத்துக்காட்டை அப்படியே தட்டச்சு செய்தால் இந்த இடங்களில் கம்பைலர் மறுத்துவிடும்.

மிரான் லிபோவாச்சாவின் ‘லேர்ன் யூ எ ஹாஸ்கல் ஃபார் கிரேட் குட்’ 2011-இல் வந்தது. அதன் முதல் பாதி இன்றும் ஓடும். மோனட் அத்தியாயங்களில் சொந்த டைப் எழுதும் இடங்கள் ஓடாது, மேலே சொன்ன காரணத்தால்தான். 2008-இல் வந்த ‘ரியல் வேர்ல்ட் ஹாஸ்கல்’ இன்னும் பழசு. லைப்ரரிகள் பல மாறிவிட்டதால் அதை வாசிக்கலாம், முதல் புத்தகமாக வைத்துப் பயிற்சி செய்யக் கூடாது.

ஸ்காலாவில் 2021-இல் வந்த மூன்றாம் பதிப்பு எழுதும் முறையையே கணிசமாக மாற்றியது. ‘ஃபங்ஷனல் புரோகிராமிங் இன் ஸ்காலா’ என்ற சிவப்பு அட்டைப் புத்தகத்துக்கு 2014 பதிப்பும் உண்டு, ஸ்காலா மூன்றுக்காகத் திருத்திய 2023 பதிப்பும் உண்டு. பழைய பிரதி மலிவாகக் கிடைக்கிறது என்று எடுத்தால், எடுத்துக்காட்டுக்கும் உங்கள் திரைக்கும் இடையே மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கருத்தே கடினமாக இருக்கும் இடத்தில் இந்தக் கூடுதல் சுமை வேண்டாம்.

ஸ்கீம் மொழிப் புத்தகங்கள் அவ்வளவு பழசாவதில்லை. ஆனால் ஒரு கண்ணி உண்டு. ‘ஸ்ட்ரக்சர் அண்ட் இன்டர்பிரிடேஷன் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராம்ஸ்’ என்ற புத்தகத்தை எல்லோரும் சிக்பி என்று சுருக்கிச் சொல்வார்கள். அதன் மூன்றாம் அத்தியாயம் இணைகளின் (இரண்டு மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் டேட்டாவின்) உள்ளே இருப்பதை மாற்றச் சொல்லும். சாதாரண ராக்கெட்டில் இணைகளை மாற்றவே முடியாது. இரண்டு அத்தியாயம் ஒழுங்காக ஓடிவிட்டு மூன்றாவதில் திடீரென்று பிழை வரும்போது தவறு தன்னுடையது என்றே பலர் நினைக்கிறார்கள். டாக்டர்-ராக்கெட்டில் இந்தப் புத்தகத்துக்கென்றே ஒரு தொகுப்பு இருக்கிறது, அதை முதல் நாளே சேர்த்துவிடுங்கள்.

4. எடுக்கும் முன் ஒரு மணி நேரச் சோதனை

இந்தத் துறையில் ஒரு வசதி, பல புத்தகங்களை இணையத்தில் அவற்றின் ஆசிரியர்களே இலவசமாகத் தந்திருக்கிறார்கள். சிக்பி, ‘ஹவ் டு டிசைன் புரோகிராம்ஸ்’, லிபோவாச்சாவின் ஹாஸ்கல் புத்தகம், ‘ரியல் வேர்ல்ட் ஓகாமல்’, குளோஜர் மொழிக்கான ‘குளோஜர் ஃபார் த பிரேவ் அண்ட் ட்ரூ’ எல்லாம் அப்படிக் கிடைக்கின்றன. விலைக்கு விற்கும் புத்தகங்களுக்கும் ஓரிரு மாதிரி அத்தியாயங்கள் இருக்கும்.

முதல் அத்தியாயத்தைப் படித்து முடிவு செய்யாதீர்கள். எல்லாப் புத்தகத்திலும் முதல் அத்தியாயம் இனிமையாகத்தான் இருக்கும். நடுவில் ஒரு அத்தியாயத்தை எடுத்து இரண்டு பக்கம் படியுங்கள். முழுதும் புரியத் தேவையில்லை. முந்தைய அத்தியாயங்களைப் படித்திருந்தால் புரிந்திருக்கும் என்று தோன்றுகிறதா, அதைப் பாருங்கள்.

அடுத்து பயிற்சிகள். அத்தியாய முடிவில் பயிற்சி இருக்கிறதா? விடையோ குறிப்போ எங்காவது கிடைக்குமா? முதல் அத்தியாயத்தின் பயிற்சிகளில் இரண்டைச் செய்யுங்கள். இரண்டும் யோசிக்காமலே வந்தால் ஒரு படி மேலே போகலாம். கேள்வியே புரியவில்லை என்றால் ஒரு படி கீழே. கேள்வி புரிந்து, விடை வரக் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தால் அதுதான் உங்கள் புத்தகம்.

பக்கவிளைவுகள், அதாவது கோப்பைப் படிப்பது, திரையில் எழுதுவது போன்றவை எந்த அத்தியாயத்தில் வருகின்றன என்றும் பொருளடக்கத்தில் பாருங்கள். சில புத்தகங்கள் பாதிக்கு மேல்தான் அதைத் தொடும். அது குறையல்ல, முதலில் வெறும் ஃபங்ஷன்களாக யோசிக்கப் பழக்குவதற்காக அப்படி வைக்கிறார்கள். ஆனால் முதல் வாரத்திலேயே ஏதாவது ஒரு கருவி எழுதிப் பார்க்க ஆசைப்படுகிறவர் இது தெரியாமல் எடுத்தால் பொறுமை இழந்துவிடுவார்.

5. புரோகிராமிங்கே புதிது என்றால்

‘ஹவ் டு டிசைன் புரோகிராம்ஸ்’, இரண்டாம் பதிப்பு, 2018. மாற்றுக் கருத்துள்ளவர்கள் இருக்கிறார்கள், எனக்கு இதில் சந்தேகமில்லை.

காரணம், அது ஒவ்வொரு ஃபங்ஷனையும் எழுத ஆறு படிகளைக் கொடுத்து அவற்றை விடாமல் பின்பற்ற வைக்கிறது: டேட்டாவை வரையறுப்பது, ஃபங்ஷன் எதை வாங்கி எதைத் தரும் என்றும் அதன் நோக்கம் என்ன என்றும் எழுதுவது, எடுத்துக்காட்டுகள் கொடுப்பது, டேட்டாவின் வடிவிலிருந்து ஒரு வார்ப்பு எடுப்பது, அதை நிரப்புவது, சோதிப்பது. வெற்றுத் திரையைப் பார்த்து எங்கே தொடங்குவது என்று திகைப்பவருக்கு அடுத்து என்ன செய்வது என்று எப்போதும் ஒரு பதில் இருக்கும்.

புதியவர்கள் மூன்றாம் படியையும் நான்காம் படியையும்தான் தாண்டுவார்கள். சின்ன ஃபங்ஷனுக்கு எதற்கு இவ்வளவு என்று தோன்றும். முதல் பகுதியில் உண்மையாகவே தேவைப்படாது. இரண்டாம் பகுதியில் பட்டியல்களும் நான்காம் பகுதியில் ஒன்றுக்குள் ஒன்று பின்னிய டேட்டாவும் வரும்போது, அந்த வார்ப்பு இல்லாதவர் அங்கேயே நிற்பார். எளிதாக இருக்கும்போதே பழகிக்கொள்ளுங்கள்.

இன்னொரு தவறு: டாக்டர்-ராக்கெட்டில் மொழி நிலையைத் தேர்ந்தெடுக்க மறப்பது. இந்தப் புத்தகத்துக்காகப் படிப்படியான கற்பித்தல் மொழிகள் அதில் இருக்கின்றன. தொடக்க மாணவர் நிலையில் வரும் பிழைச் செய்திகள் தொடக்க மாணவருக்குப் புரிகிற மாதிரி எழுதப்பட்டவை. முழு ராக்கெட்டில் அதே நிரலை ஓட்டினால் இன்னும் சொல்லித்தராத விஷயங்களைப் பற்றிப் பிழைச் செய்தி பேசும்.

சிக்பி பற்றிக் கேட்பார்கள். அருமையான புத்தகம்தான், ஆனால் கணிதம் கை வந்தவருக்கு. முதல் அத்தியாயத்திலேயே நியூட்டன் முறையில் வர்க்கமூலம் காண்பது வரும், இரண்டாவதில் இயற்கணிதக் கோவைகளுக்கு வகைக்கெழு காணும் நிரல் வரும். புரோகிராமிங்கும் புதிது, கால்குலஸும் மறந்துவிட்டது என்கிறவருக்கு இரட்டைப் பாரம். கணிதமோ பொறியியலோ படித்து அது இன்னும் நினைவில் இருப்பவர் தாராளமாக இதிலிருந்தே தொடங்கலாம். ஸ்கீம் வேண்டாம் என்பவர்களுக்கு ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய பதிப்பும் 2022-இல் வந்திருக்கிறது.

‘த லிட்டில் ஸ்கீமர்’ துணைப் புத்தகம். முழுக்கக் கேள்வியும் பதிலுமாகவே போகும். இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் பதில். வலப்பக்கத்தை ஒரு தாளால் மூடிக்கொண்டு படிக்க வேண்டும். மூடாமல் படித்தால் ஒரு மாலையில் முடிந்துவிடும், ஒன்றும் ஒட்டாது. ரிகர்ஷன் மட்டும் பிடிபடாமல் தவிப்பவர்களுக்கு, எந்த நிலையில் இருந்தாலும், இதைத்தான் கொடுப்பேன்.

6. வேறு மொழியில் ஏற்கெனவே எழுதுகிறவர் என்றால்

இரண்டு வழிகள் உண்டு, முதலிலேயே ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

முதல் வழி, எழுதுகிற மொழியிலேயே சிந்தனையை மாற்றுவது. எரிக் நார்மண்டின் ‘குரோக்கிங் சிம்ப்ளிசிட்டி’ இதற்கானது. எடுத்துக்காட்டுகள் ஜாவாஸ்கிரிப்டில் இருக்கும், ஆனால் வேறு மொழிக்காரரும் படிக்கலாம். ஒரு நிரலில் உள்ளதையெல்லாம் செயல், கணக்கீடு, டேட்டா என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்கிறது. எப்போது ஓட்டினோம், எத்தனை முறை ஓட்டினோம் என்பதைப் பொறுத்து விளைவு மாறுமானால் அது செயல். மாறாது என்றால் கணக்கீடு. இந்த ஒரு பிரிப்பைப் பழைய நிரலில் செய்து பார்த்தாலே, சோதிக்கக் கடினமான பகுதிகள் ஏன் கடினம் என்று தெரிந்துவிடும்.

இந்த வழியின் எல்லையையும் சொல்ல வேண்டும். டைப்களின் பலம் இதில் வராது. ஜாவாவிலிருந்து வருகிறவர்கள், டைப்பும் சேர்ந்து வேண்டும் என்றால், மிஹாவ் பவாஹ்தாவின் ‘குரோக்கிங் ஃபங்ஷனல் புரோகிராமிங்’ பார்க்கலாம். ஜாவாவைக் காட்டி, ஸ்காலாவில் அதையே எப்படி எழுதுவது என்று நகரும்.

இரண்டாவது வழி, புது மொழி. இங்கே ஹாஸ்கலை எடுப்பவர்களே அதிகம், குழப்பமும் இங்கேதான் அதிகம். மூன்று புத்தகங்களை ஒப்பிடுகிறேன்.

கிரஹாம் ஹட்டனின் ‘புரோகிராமிங் இன் ஹாஸ்கல்’, 2016-இல் வந்த இரண்டாம் பதிப்பு. ஒல்லியான புத்தகம், ஒவ்வொரு அத்தியாயத்திலும் பயிற்சி உண்டு. வளவளப்பு கிடையாது, ஒரு பத்தியைக் கவனிக்காமல் தாண்டினால் அடுத்த பக்கத்தில் மாட்டிக்கொள்வீர்கள். ரிகர்ஷனுக்குப் பிறகே ஹையர் ஆர்டர் ஃபங்ஷன்கள் (ஃபங்ஷனையே உள்ளீடாக வாங்குபவை) வருவதால், ஃபோல்ட், அதாவது பட்டியலை ஒரே விடையாகச் சுருக்குவது, தாங்கள் ஏற்கெனவே பலமுறை கையால் எழுதிய ஒன்றுதான் என்று வாசகர்களுக்கே தோன்றும். என் முதல் தேர்வு இது.

லிபோவாச்சாவின் புத்தகம் படிக்க மிக இலகு, சிரிப்பும் படமுமாகப் போகும். ஆனால் அதில் பயிற்சிகளே இல்லை. அதைப் படித்து முடித்தவர்கள் பலர் எல்லாம் புரிந்தது என்று நிறைவாகச் சொல்வார்கள். மேலே சொன்ன மூன்றாம் வேலையைக் கொடுத்தால் கை ஓடாது. நீச்சலைக் கரையில் உட்கார்ந்து பார்த்த கதைதான். அதை எடுப்பதானால் பயிற்சிகளை ஹட்டனிடமிருந்து கடன் வாங்குங்கள். ஒரு தலைப்பை இதில் படித்துவிட்டு, அதே தலைப்பின் பயிற்சியை அதில் செய்வது நன்றாகவே வேலை செய்கிறது.

மூன்றாவது, ‘ஹாஸ்கல் புரோகிராமிங் ஃப்ரம் ஃபர்ஸ்ட் பிரின்சிபல்ஸ்’. ஆயிரம் பக்கங்களுக்கு மேல். ஃபங்ஷன்களை மட்டுமே வைத்துக் கணக்கிடும் லாம்டா கால்குலஸ் என்ற கணித முறையில் தொடங்கி ஒவ்வொன்றையும் அடியிலிருந்து கட்டும், பயிற்சிகள் ஏராளம். ஹட்டனின் சுருக்கம் ஒத்துவராதவர்களுக்கும், ஆசிரியர் இல்லாமல் தனியாகப் படிப்பவர்களுக்கும் இது பொருந்தும். இதில் விழுபவர்கள் நடுவில் களைத்துத்தான் விழுகிறார்கள், புரியாமல் இல்லை. நீண்ட நாள் வேலை என்று ஒப்புக்கொண்ட பிறகே எடுங்கள்.

தொழிலுக்கு நேரடியாக உதவ வேண்டும், கணித வாசனை வேண்டாம் என்பவர்களுக்கு ஸ்காட் விளாஷினின் ‘டொமெய்ன் மாடலிங் மேட் ஃபங்ஷனல்’, 2018. எஃப்-ஷார்ப்பில் ஒரு ஆர்டர் எடுக்கும் அமைப்பைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை கட்டுகிறது. தவறான நிலை உருவாகவே முடியாதபடி டைப்களை அமைப்பது எப்படி என்று இவ்வளவு தெளிவாகச் சொன்ன புத்தகம் குறைவு. இதில் பயிற்சிகள் இல்லை, அதனால் கூடவே உங்களுக்குத் தெரிந்த ஒரு தொழிலை எடுத்து அதற்கு அதே முறையில் டைப்களை எழுதிக்கொண்டே போங்கள். அப்படிச் செய்யாவிட்டால் தலையை ஆட்டிக்கொண்டே முடித்துவிடுவீர்கள்.

எலிக்சிர் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை மட்டும். சாஷா யூரிச்சின் ‘எலிக்சிர் இன் ஆக்‌ஷன்’ நல்ல புத்தகம், ஆனால் அதன் கனம் புராசஸ்களிலும் (ஒரே நேரத்தில் தனித்தனியாக ஓடும் சிறு வேலைகளிலும்) பிழை வந்தால் மீள்வதிலும் இருக்கிறது. டைப், மோனட் தேடிப் போகிறவர்களுக்கு ஏமாற்றமாகும்.

7. ஒரு மொழியை முடித்துவிட்டு அடுத்த படி

இங்கே பெரும்பாலோர் கேட்பது மோனட், அதாவது ஒரு கணக்கீட்டின் விடையை அடுத்ததற்குக் கொடுத்துக் கோத்துக்கொண்டே போகும் பொது வடிவம். அதைத் தனியாகக் கற்க ஒரு புத்தகம் தேடுவதுதான் இந்த நிலையின் பெரிய தவறு.

‘ஃபங்ஷனல் புரோகிராமிங் இன் ஸ்காலா’வின் வரிசையைப் பாருங்கள். மோனட் 11-ஆம் அத்தியாயத்தில்தான் வருகிறது. அதற்குள் வாசகர் பிழை கையாளும் டைப், நிலை கடத்தும் டைப், இணையாக ஓடும் கணக்கு, சோதனைக்கான மதிப்புகளை உருவாக்கும் டைப், எழுத்துகளைப் படித்து டேட்டாவாக மாற்றும் பார்சர் என்று ஒவ்வொன்றையும் தானே கட்டியிருப்பார். ஒவ்வொன்றிலும் ஃப்ளாட்மேப் என்ற அதே வடிவம் திரும்பத் திரும்ப வந்திருக்கும். 11-ஆம் அத்தியாயம் அந்தப் பொதுத்தன்மைக்குப் பெயர் வைக்கிறது, அவ்வளவுதான். நேராக அங்கே தாவியவருக்குப் பெயர் கிடைக்கும், பெயருக்குரிய பொருள் கையில் இருக்காது.

அந்தப் புத்தகத்தில் பயிற்சிகளே பாடம். ஒரு பயிற்சியில் நீங்கள் எழுதிய ஃபங்ஷனை அடுத்த பக்கம் பயன்படுத்தும். குறிப்புகளும் விடைகளும் பொதுவில் கிடைக்கின்றன. முதலில் குறிப்பைப் பாருங்கள், விடையைக் கடைசியில். முன்தேவை ஒன்று: ஸ்காலாவின் அடிப்படை தெரிந்திருக்க வேண்டும். மொழியை அது மெதுவாகச் சொல்லித்தராது. ஸ்காலா தெரியாதவர் சிறு பயிற்சிகள் எழுதிப் பழகிவிட்டு வரலாம். ஹட்டனை முடித்தவருக்குக் கருத்துகள் ஏற்கெனவே தெரிந்திருப்பதால் இரண்டாம் முறையாக ஆழமாகப் பதியும்.

ஸ்காலா வேண்டாம் என்றால் ‘ரியல் வேர்ல்ட் ஓகாமல்’, 2022-இல் வந்த இரண்டாம் பதிப்பு. பிழை கையாளல், மாட்யூல்கள், ஒரே நேரத்தில் பல வேலை ஓட்டுவது என்று நடைமுறைப் பக்கமாகப் போகும். ஆனால் அது ஜேன் ஸ்ட்ரீட் நிறுவனத்தின் பேஸ், கோர் லைப்ரரிகளை வைத்து எழுதப்பட்டது. ஓகாமலோடு வரும் நிலையான லைப்ரரியில் அதே பெயருள்ள ஃபங்ஷன் வேறு விதமாக நடந்துகொள்ளலாம். இரண்டையும் கலந்துவிட்டுத் தவிப்பவர்களைப் பார்க்கிறேன். புத்தகம் சொல்லும் நிறுவல் பகுதியைத் தாண்டாதீர்கள்.

8. ஆழமாகப் போக

இங்கே வரிசை கிடையாது, கேள்விக்கு ஏற்றபடி ஒன்றை எடுத்தால் போதும்.

மாற்ற முடியாத டேட்டா மெதுவாக இருக்காதா என்ற கேள்வி அரித்துக்கொண்டிருந்தால் கிரிஸ் ஒகாசாகியின் ‘பியூர்லி ஃபங்ஷனல் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ்’, 1998. கோட் ஸ்டாண்டர்ட் எம்எல் மொழியில் இருக்கும், பின்னிணைப்பில் ஹாஸ்கல் உண்டு. சிவப்பு-கறுப்பு மரம் என்ற, தானே சமநிலையில் நிற்கும் தேடல் மரத்தை வழக்கமான மொழியில் ஒருமுறை எழுதிப் பார்த்துவிட்டு இதன் மூன்றாம் அத்தியாயத்தைப் படியுங்கள், அப்போதுதான் அதன் சுருக்கம் உறைக்கும்.

டைப் சிஸ்டம் உள்ளே எப்படி இயங்குகிறது என்று தெரிய வேண்டுமானால் பெஞ்சமின் பியர்ஸின் ‘டைப்ஸ் அண்ட் புரோகிராமிங் லாங்குவேஜஸ்’, 2002. கணித நிரூபணங்களும் விதிகளும் நிறைந்தது, தனியாகப் படிக்கக் கடினம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து படித்தால் நகரும். இணையாக ஓடும் நிரல்கள் வேண்டுமானால் சைமன் மார்லோவின் 2013 ஹாஸ்கல் புத்தகம்.

மோனட் போன்ற சொற்கள் வந்த கணிதப் பிரிவான கேட்டகரி தியரி பற்றி: தேவையில்லை. பிடித்திருந்தால் படியுங்கள், பார்தோஷ் மிலெவ்ஸ்கியின் புத்தகம் இலவசமாகவே இருக்கிறது. ஆனால் ஹாஸ்கல் எழுத அது முன்தேவை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதை முன்தேவை என்று எடுத்துக்கொண்டு, ஒரு நிரல்கூட எழுதாமல் விலகிப்போனவர்கள் இருக்கிறார்கள்.

9. எடுத்த பிறகு: எப்படிப் படிப்பது, எப்போது விடுவது

ஒரு நேரத்தில் ஒரு முதன்மைப் புத்தகம். இரண்டு புத்தகங்களை இணையாகப் படித்தால், கடினமான இடம் வந்ததும் மற்றதுக்குத் தாவத் தோன்றும். கடினமான இடத்தில்தான் கற்றல் நடக்கிறது. துணைப் புத்தகம் வேண்டுமானால் மேலே சொன்னது போல ஒரே தலைப்புக்கு மட்டும் புரட்டுங்கள்.

எடுத்துக்காட்டை நகலெடுத்து ஒட்டாமல் தட்டச்சு செய்யுங்கள். ஓட்டும் முன் அந்த ஃபங்ஷனின் டைப் என்னவாக இருக்கும் என்று ஒரு தாளில் எழுதிவைத்து, பிறகு கம்பைலரைக் கேளுங்கள். உங்கள் ஊகமும் அதன் பதிலும் வேறுபடும் இடங்களே நீங்கள் திரும்பப் படிக்க வேண்டிய இடங்கள். டைப் சொல்லாத ஸ்கீம், எலிக்சிர், குளோஜர் மொழிகளில் டைப்புக்குப் பதிலாக விடையை ஊகித்து எழுதுங்கள்.

ஒரு பயிற்சியில் அரை மணி நேரம் நகரவில்லை என்றால் டேட்டாவைச் சிறிதாக்குங்கள்: காலிப் பட்டியலுக்கு விடை என்ன, ஒரே உறுப்பு இருந்தால் என்ன. அதற்கும் வரவில்லை என்றால் விடையைப் பாருங்கள், மூடுங்கள், மறுநாள் நினைவிலிருந்து எழுதுங்கள். பார்த்த அன்றே எழுதினால் மனப்பாடம்தான் மிஞ்சும்.

எல்லாப் பயிற்சியையும் முடிக்க வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். சிக்பியில் அந்தப் பிடிவாதம் பலரை முதல் அத்தியாயத்திலேயே நிறுத்தியிருக்கிறது. பாதியளவு போதும். அதில் ரிகர்ஷன் பயிற்சிகளை மட்டும் விடாதீர்கள்.

புத்தகத்தை எப்போது விடலாம்? அடுத்தடுத்து இரண்டு அத்தியாயங்களில் கேள்வியே புரியாமல் போனால் ஒரு நிலை கீழே இறங்குங்கள். எடுத்துக்காட்டுகள் உங்கள் கம்பைலரில் திரும்பத் திரும்ப மறுக்கப்பட்டால் புதிய பதிப்பைத் தேடுங்கள். வெறுமனே சலிப்பு என்றால் மட்டும் விடாதீர்கள். ஒரு அத்தியாயம் தாண்டிப் போய், அங்கே ஒரு பயிற்சியை முயன்று பாருங்கள். வந்துவிட்டால் அங்கிருந்தே தொடரலாம், விட்ட அத்தியாயத்துக்கு எங்கே தேவைப்படுகிறதோ அங்கிருந்து திரும்பி வரலாம்.